காபி மட்டும்

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்றைக்கு அண்ணா நகர். வாசலில் ஆங்கிலத்தில் என்னவோ பெயர் போட்டிருந்தது. எனக்கு அது கூண்டு பல்பு ஹோட்டல். ஒவ்வொரு பல்பையும் இரும்புக் கூண்டுக்குள் அடைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். என்ன, பறந்தா போய்விடும்?

சாப்பாடு: இட்லியை நாலாக வெட்டி, பொடி தூவி, துண்டுக்கு ஒரு பல்குச்சி செருகிக் கொடுத்தார்கள். பொடியில் காரம் சரி. எண்ணெய்தான் நல்லெண்ணெய் இல்லை. கேட்டால் ஆலிவ் ஆயிலாம். ரசம் இருமல் மருந்து குடிக்கிற அளவுக் கிளாஸில் வந்தது, ருசியும் கிட்டத்தட்ட அதேதான்.

சர்வீஸ்: மேசைக்கு மேசை ஆள் நிற்கிறார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

மாப்பிள்ளை: மெனு கார்டுக்குப் பின்னாலேயே இருந்தார். அவருடைய அக்காதான் பேசினார். "சமைக்கத் தெரியுமா?" "தெரியுங்க. இந்த ரசத்தைவிட நல்லாவே வைப்பேன்." அம்மா பக்கத்தில் இருமினாள்.

இந்தக் கூத்தையெல்லாம் ஏன் ஹோட்டலில் நடத்துகிறோம் என்பதையும் எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் படித்தால் எனக்கே நம்பிக்கை வராது.

அம்மாவுக்கு இரண்டு சட்டம். முதல் சட்டம், பார்க்க வருகிறவர்கள் யாரும் எங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாது. ஆவடிக்குள்ளேயே சந்திக்கக் கூடாது. அப்பா ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயராகி, நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, பக்கத்திலேயே பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஃப்ளாட் வாங்கி வந்துவிட்டோம். ஆனால் குவார்ட்டர்ஸில் கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இதே ஏரிக்கரையில்தான் வாக்கிங் போகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை என் புருஷன் கத்தாரில் வேலை பார்க்கிறான். எனக்கு டைவர்ஸ் ஆகி நாலு வருஷம். "பாவம், லீவே குடுக்க மாட்டேங்கறானாம் அந்தக் கம்பெனிக்காரன்" என்று அம்மா லிஃப்டில் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று பட்டனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது சட்டம், கை நனைக்கக் கூடாது. சம்பந்தம் முடிவாகும்முன் இரண்டு வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று ஆகிவிடும். காபி, பஜ்ஜியோடு எழுந்துவிட வேண்டும். வீட்டில் நடந்தால் சரி, ஹோட்டலுக்கும் இதே சட்டமா என்றால், ஆமாம். அதனால் கிளம்பும்முன் மூன்று பேருக்கும் தயிர் சோறு பிசைந்து கொடுத்துவிடுவாள். அங்கே போனதும், சர்வர் குனிந்து என்ன வேண்டும் என்று கேட்டால் "எனக்குக் காபி மட்டும்." அப்பாவுக்கும் அதுவே. அப்பா பில்லோடு வரும் சோம்புக்காகக் காத்திருப்பார்.

நான் மட்டும் சாப்பிடுவேன், முள்கரண்டியால். கரண்டியில் தின்றால் கை நனையாதே என்று அம்மாவோடு சண்டை போட்டு வாங்கிய உரிமை.

அந்த வீட்டில் மூன்று வருஷம் நான் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, ஆறினதை, அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். குழம்பில் உப்பு கம்மி என்று ஒரே ஒரு தரம் சொன்னேன். மாமியார் ஒரு வாரம் என் முகம் பார்க்கவில்லை. அவன் மொபைலைப் பார்த்தான். இனிமேல் என் முன்னால் தட்டு வந்தால் சூடாகச் சாப்பிடுவேன். எப்படி இருக்கிறது என்றும் சொல்வேன். வருகிறவர்கள் எனக்கு மார்க் போடட்டும். நானும் போடுவேன்.

பிப்ரவரி 11

அக்காக்காரியிடமிருந்து பதில் வந்துவிட்டது. "பொண்ணு கொஞ்சம் அதிகமா சாப்பிடுது போல." இட்லி. அதுவும் நாலாக வெட்டினது.

பிப்ரவரி 13

ஆபீஸில் சபீனாவிடம் சொன்னேன். பக்கத்து சீட். பிறந்து வளர்ந்தது எல்லாம் அம்பத்தூர்.

"இன்னாடி நீ, மாப்ள பாக்கப் போறியா, ஹோட்டல ரெய்டு உடப் போறியா?"

கத்தார் கதையும் அவளுக்குத் தெரியும். "உங்கம்மா நாலு வருசமா அந்த ஆள கத்தார்ல குடி வெச்சிகினு கீறாங்களே, அவனுக்கு வாடக யாரு குடுக்கறது?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அதே கேள்வி திரும்ப வந்தது. அப்போது சிரிப்பு வரவில்லை. வாடகை நான்தானே கொடுக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நுங்கம்பாக்கம். கருங்கல் தட்டு ஹோட்டல். தட்டே கிடையாது, சதுரமாக அறுத்த கருங்கல்லில் பரிமாறுகிறார்கள். சட்னி நாலு பக்கமும் ஓடுகிறது. அதை விரட்டிப் பிடிப்பதிலேயே பாதிப் பசி போய்விட்டது.

சாப்பாடு: காளான் மிளகு வறுவல் நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மீன் வறுவல் நேற்றைய மீன். மேலே எலுமிச்சையும் கொத்தமல்லியும் போட்டு மறைத்திருந்தார்கள். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"மேம், இது எங்க சிக்னேச்சர் டிஷ்."

"சிக்னேச்சரை நேத்தே போட்டு வெச்சுட்டீங்க போல. மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். பில்லிலும் அது இல்லை. சர்வீஸுக்கு அந்த ஒரு விஷயத்தில் பாஸ் மார்க்.

அம்மா காபி டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். இதுவும் போச்சு என்று அவள் தோள்களே சொல்லின. ஆனால் எதிரே இருந்தவர் சிரித்தார். பெயர் திருமுருகன். இன்ஷூரன்ஸ் கம்பெனி. மனைவி நோயில் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. சிரித்துவிட்டு, மெதுவாக, "நானும் அதேதான் நெனச்சேன். சொல்றதுக்கு ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார். அவருடைய துண்டு பாதி தின்று முடிந்திருந்தது.

நல்ல சிரிப்பு. மனைவியைப் பற்றிக் கேட்டேன், மறைக்காமல் சொன்னார். என்னைப் பற்றியும் கேட்டார், சொன்னேன். "கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார். யாரும் இதுவரை அந்த வார்த்தையை என்னிடம் சொன்னதில்லை. எல்லோரும் "அட்ஜஸ்ட் பண்ணியிருக்கலாம்" என்பார்கள்.

பிடித்திருக்கிறதா? எனக்கே தெரியவில்லை. இன்னொரு தரம் பார்க்கலாம்.

மார்ச் 4

அவர்களும் இன்னொரு தரம் பார்க்கலாம் என்கிறார்களாம். இந்தத் தடவை ஹோட்டலை அவருடைய அம்மா பார்த்துச் சொல்வாராம். அம்மா இன்றைக்குப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே துணி மடித்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஆழ்வார்பேட்டை. இந்த ஹோட்டலுக்குப் பட்டப்பெயர் வைக்க மனசு வரவில்லை. இலைச் சாப்பாடு ஹோட்டல் என்றே இருக்கட்டும்.

வாசலில் பித்தளை அண்டாவில் தாமரைப் பூ, சுவரில் ஏர்க்கலப்பை. அதையெல்லாம் பார்த்ததும் சரி, வேஷம்தான் என்று நினைத்தேன். உட்கார்ந்ததும் நிஜ இலை வந்தது. நுனி இடது பக்கம், சரியாக. கேட்காமலேயே எல்லோருக்கும் போட்டுவிட்டார்கள். அம்மா தன் வெறும் இலையின் நடுவில் காபி டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பாவும் அப்படியே. சாமிக்குப் படைத்தது மாதிரி இருந்தது.

பரிமாறிய பெண்ணின் பேட்ஜில் வடிவு என்று இருந்தது. சீரகச் சம்பா சோறு, ஆவி பறக்கப் பறக்க. ஒரு கரண்டி நெய். மட்டன் குழம்பு வாளியோடு வந்து நின்று, "குழி பண்ணிக்கோங்கக்கா, ஓடிடும்" என்றாள்.

முள்கரண்டியால் சோற்றில் குழி பண்ணிப் பார்த்திருக்கிறீர்களா யாராவது? நான் பார்த்தேன். அந்தப் பக்கம் குழி பண்ணப் பண்ண இந்தப் பக்கம் இடிகிறது. வடிவு வாளியைப் பிடித்தபடி காத்திருந்தாள். கரண்டியை ஓரமாக வைத்துவிட்டுக் கையை வைத்தேன். அவ்வளவுதான். பிசைந்தேன். தின்றேன். மேசைக்கடியில் அம்மாவின் செருப்பு என் காலை மிதித்தது. மிதித்துக்கொண்டே இருந்தது. நான் நிறுத்தவில்லை.

சாப்பாடு: குழம்பு அம்மியில் அரைத்த மசாலா. கறி எலும்பை விட்டுக் கழன்று வந்தது. ரசம் டம்ளரில் இல்லை, சோற்றில் ஊற்றினார்கள், இரண்டாம் தரம் கேட்காமலேயே வந்தது. மோருக்கு மாங்காய். நான் குறை கண்டுபிடிக்க முயற்சி செய்தேன், கிடைக்கவில்லை.

சர்வீஸ்: வடிவுக்கு நூற்றுக்கு நூறு. எனக்கு எது பிடித்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திருமுருகனின் அம்மா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நல்ல சந்தோஷம். நான் நன்றாகச் சாப்பிடுவது அவருக்குப் பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். அட மக்கு.

மார்ச் 10

காலையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே திருமுருகனின் அம்மாவிடமிருந்து போன். ஸ்பீக்கரில் முதல் வார்த்தையே, "சம்மந்தி, நல்லா இருக்கீங்களா?"

சம்மந்தியாம். "பொண்ணு எங்க கூட உக்காந்து கை நனைச்சுட்டா. வாய் தொறந்து சொல்லாம, சொல்ற விதமா சொல்லிட்டா. அந்த அடக்கம் எங்களுக்குப் புடிச்சிருக்கு. வைகாசில நாள் பாத்துடலாம்."

அடக்கமா! மட்டன் குழம்பு மூணு தரம் வாங்கினேன்!

அம்மா அழுகிறாள், சந்தோஷத்தில். அப்பா சாமி படத்துக்குப் பூ எடுக்கிறார். நான் வாயில் பேஸ்ட்டோடு நிற்கிறேன். அதற்குள் அந்த அம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டார். "ஒண்ணே ஒண்ணு. எங்க சொந்தத்துல டைவர்ஸ்னா ஒரு மாதிரி பேசுவாங்க. பொண்ணுக்கு இதான் மொத கல்யாணம்னு சொல்லிடறோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க. உங்க பக்கம்தான் யாருக்குமே தெரியாதாமே, ரொம்ப சௌகரியம்."

அம்மா "சரிங்க" என்றாள். கேட்டுக்கொண்டே நின்ற என்னைப் பார்க்காமல் சரிங்க என்றாள்.

திருமுருகனுக்கு இது ரெண்டாவதுன்னு ஊருக்கே தெரியும். பாவம், பொண்டாட்டி செத்துட்டான்னு எல்லாரும் உச்சுக் கொட்டறாங்க. எனக்கு மட்டும் நடந்ததே இல்லன்னு சொல்லணும். இங்க கத்தார், அங்க மொத கல்யாணம். நான் எந்த ஊர்ல நானா இருக்கறது?

மார்ச் 11

திருமுருகனோடு பேசினேன். லஞ்ச் நேரத்தில், ஆபீஸ் மாடிப்படியில் நின்று.

"உங்களுக்கு இது சரின்னு படுதா?"

"எனக்கும் புடிக்கலதான் சௌம்யா. அம்மாகிட்ட சொல்றதுக்கு ஒரு மாதிரி இருக்கு. சொல்லிட்டுப் போகட்டுமே. நமக்கு என்ன கொறைஞ்சிடப் போகுது?"

இதே ஆள்தான் அன்றைக்கு மீன் கெட்டது என்று தெரிந்தும் பாதி தின்றிருந்தான். எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 13

வீட்டில் போர்.

"கை நனைச்சுட்டு இப்ப வேணாம்னு சொல்லுவியா? அவங்க என்ன நெனைப்பாங்க? யாராவது செய்வாங்களா இத?"

"நான் தின்னது அவங்க வீட்டு அடுப்புல வெந்த சோறாம்மா? அப்படிப் பாத்தா அந்த ஹோட்டல்காரனைத்தான் நான் கட்டிக்கணும்."

அப்பா சிரித்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

"வேற எவன்டி வருவான் உனக்கு?" என்றாள் அம்மா. சொன்னதும் அவளுக்கே தாங்கவில்லை. கிச்சனுக்குள் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டினாள். வலித்தது. எழுதும்போதும் வலிக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நானே போன் செய்துவிட்டேன், திருமுருகனின் அம்மாவுக்கு. மரியாதையாகத்தான் பேசினேன்.

"நான் கை வெச்சது பசிக்கு, சம்மதத்துக்கு இல்லீங்க. உங்களுக்குத் தப்பா தெரிஞ்சிருந்தா மன்னிச்சுக்குங்க. ஆனா இதுக்கு முன்னாடி எனக்குக் கல்யாணமே ஆகலன்னு என்னால சொல்ல முடியாது. மூணு வருஷம் அந்த வீட்டுல இருந்தேன். அங்கேருந்து நானா வெளிய வந்தேன். அது நான் செஞ்சதுலயே பெரிய காரியம். அத இல்லன்னு சொல்ல மாட்டேன்."

அந்தப் பக்கத்திலிருந்து, "உங்கம்மாகிட்ட குடும்மா."

அம்மா கை நீட்டவில்லை. போனை நானே வைத்தேன்.

மார்ச் 19

அம்மா பேசவில்லை.

மார்ச் 22

இன்றைக்கும் பேசவில்லை. ரசத்தில் உப்பு இல்லை. சொன்னேன். வாய் திறக்காமல் உப்பு ஜாடியை என் பக்கம் நகர்த்தினாள்.

கோபத்திலும் நகர்த்தினாள். அதைக் குறித்து வைக்கிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

இலைச் சாப்பாடு ஹோட்டலுக்குத் தனியாகப் போனேன். என்னை யாரும் பார்க்க வரவில்லை. நான் சாப்பாட்டைப் பார்க்கப் போனேன்.

வாசலில் நின்றவர், "எத்தனை பேர் மேம்?"

"ஒருத்தர்."

"கூட யாராவது வராங்களா?"

"இல்ல."

பாத்ரூம் கதவை ஒட்டி ஒரு மேசையைக் காட்டினார். கதவு திறந்து மூடும்போதெல்லாம் பினாயில் வாசனை. ஜன்னல் பக்கம் நாலு மேசை சும்மா இருந்தது. கேட்டேன். "அதெல்லாம் ஃபேமிலிக்கு மேம்."

"நானும் ஃபேமிலிதான். முழு ஃபேமிலியும் வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். எழுப்பட்டும் பார்க்கலாம். எழுப்பவில்லை. வடிவு இலையோடு வந்தாள். "அன்னிக்கு வந்தவங்கதானே? கல்யாணம் முடிவாயிடுச்சாக்கா?"

"இல்ல. குழம்பு மட்டும் முடிவாயிடுச்சு."

சாப்பாடு: அதே ருசி. ரசத்தில் மிளகு இன்றைக்கு ஒரு சிட்டிகை தூக்கல், அதையும் சொன்னேன். போய்ச் சொல்கிறேன் என்றாள்.

சர்வீஸ்: வடிவுக்கு நூறு. வாசலில் நின்றவருக்கு முட்டை.

கை கழுவிவிட்டு வரும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். உதட்டில் நெய். நன்றாகத்தான் இருந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

திருமுருகனின் அம்மா இந்த வரனைக் கொண்டுவந்த தரகரிடம் என்னவோ சொல்லியிருக்கிறார். தரகர் இங்கே போன் செய்தார். நான் குளித்துவிட்டு வெளியே வரும்போது அம்மா பேசிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம்.

"ருசி பாத்துட்டு ஏமாத்திட்டாளாமா? யாரு சொன்னது? பசிச்சா சாப்பிட மாட்டாளா என் பொண்ணு? … மூணு வருஷம் ஆறின சோறு தின்ன பொண்ணுங்க அவ. சூடா வந்துச்சு, சாப்பிட்டா. அதுல என்ன ஏமாத்து இருக்கு? … இல்லீங்க, இனிமே நீங்க எங்களுக்குப் பாக்க வேணாம். வெச்சிடறேன்."

நான் பூனை மாதிரி ரூமுக்குள் போய்விட்டேன். ஆறின சோறு பற்றி நான் அம்மாவிடம் சொன்னதே இல்லையே. அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு வேளை, அந்த வீட்டுக்கு வந்த நாட்களில் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பி வந்திருக்கிறாள். அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கோபமா, தெரியவில்லை. கேட்கப் போவதில்லை.

ஏப்ரல் 17

பூந்தமல்லி ரோட்டில் புது ஹோட்டல் திறந்திருக்கிறார்கள், ஆவடியிலேயே. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே யார் என்ன தின்கிறார்கள் என்று பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போகலாம், என் செலவு என்றேன்.

"அங்கயா?" என்றாள் அம்மா. ஒரு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை.

"அங்கதான்."

வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

பன்னிரண்டு மணிக்கு அம்மா நீலப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் கிச்சனை எட்டிப் பார்த்தேன். தயிர் பாத்திரம் ஃப்ரிட்ஜிலேயே இருந்தது. பிசையவில்லை. அப்பாவும் அதைக் கவனித்தார்.

கண்ணாடியை ஒட்டின மேசையாகக் கேட்டு வாங்கினேன். ஹோட்டல் பற்றி: மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து விளக்குப் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. நாற்காலி உட்காரும்படி இருக்கிறது. தட்டு தட்டாக இருக்கிறது. தண்ணீர் கேட்காமல் வந்தது.

சர்வர் அம்மாவிடம் குனிந்தார். அப்பா முந்திக்கொண்டு, பழக்கத்தில், "அவங்களுக்குக் காபி—"

"மீல்ஸ்" என்றாள் அம்மா. "மூணு பேருக்கும்."

சோறு வந்தது. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வளையலை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, கை வைத்துக் குழி பண்ணினாள். சாம்பார் ஊற்றச் சொன்னாள். எத்தனை ஹோட்டல் அவளோடு போயிருக்கிறேன். அவள் விரலில் சோறு ஒட்டியதை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அப்போதுதான் கஸ்தூரி ஆன்ட்டி உள்ளே வந்தார். குவார்ட்டர்ஸில் எங்களுக்குப் பின்வீடு. பார்சல் வாங்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு நேராக வந்துவிட்டார்.

"வனஜா, என்ன விசேஷம்? எல்லாரும் ஒண்ணா! மாப்பிள்ளை கத்தார்லேருந்து வந்துட்டாரா?"

அப்பா தண்ணீர் டம்ளரைப் பிடித்தார்.

அம்மா வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். கையைத் தட்டிலிருந்து எடுக்கவில்லை.

"கத்தார்ல யாரும் இல்ல கஸ்தூரி. இவளுக்கு டைவர்ஸ் ஆகி நாலு வருஷம் ஆகுது. நான்தான் உங்ககிட்டயெல்லாம் சொல்லல."

கஸ்தூரி ஆன்ட்டி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "அய்யோ, ஏன் வனஜா…"

"அய்யோல்லாம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா. உக்காரு, சாப்பிடு."

அவர் உட்காரவில்லை. பார்சல் ரெடி என்று கூப்பிட்டார்கள், போய்விட்டார். சாயங்காலத்துக்குள் ஏரிக்கரை முழுக்கத் தெரிந்துவிடும். அம்மாவுக்கும் அது தெரியும். கண்ணாடிக்கு வெளியே ரோட்டைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் இன்னொரு வாய் எடுத்து வைத்து, நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

"சௌமி, சாம்பார்ல பெருங்காயமே இல்ல. அந்த மேனேஜரைக் கூப்பிடு."

கூப்பிட்டேன். அம்மாவே சொன்னாள்.